பூஜ்ஜிய விழுக்காடு

ஏப்ரல் 3, வியாழன்

நூலகக் கூடத்தில் ஒருநாள் பயிலரங்கு. தலைப்பு: உயர்கல்வியில் எண்ம அறிவு. தமிழ்த்துறை ஆள் என்பதால் வாழ்த்துப் பாட என்னைக் கூப்பிட்டார்கள். பாடியதும் வரவேற்புரையும் என் தலையில். பாடி, வரவேற்று, இறங்கினேன். ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை. வல்லுநர் மேசைமேல் ஏறி நின்று அதைத் தட்டிக்கொண்டிருந்தார். தேநீர் முன்கூட்டியே வந்துவிட்டது.

பிற்பகலில் நூலகர் ஒப்புமைச் சோதனை பற்றிப் பேசினார். ஆய்வேட்டை ஏற்றினால், ஏற்கெனவே பிறர் எழுதியதோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் விழுக்காட்டில் சொல்லும். பத்தைத் தாண்டினால் ஆய்வேடு திரும்பி வரும். இயற்பியலுக்கு ஒன்பது, விலங்கியலுக்குப் பன்னிரண்டு என்று வாசித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"தமிழ்த்துறை மட்டும், ஒரு ஆய்வேடு தவறாம, சைபர். நேத்து வந்த ஜெபக்கனி ஆய்வேடும் சைபர். எந்திரிச்சு நில்லுங்கம்மா."

நின்றேன். கூடம் கை தட்டியது. முன்வரிசையிலிருந்து என் நெறியாளர் திரவியம் ஐயா திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். மே முப்பதில் அவர் ஓய்வு. அவரிடம் ஆய்வு செய்யும் கடைசி ஆள் நான்.

விடுதி அறையில் பேச்சி காத்திருந்தாள். விலங்கியல், நண்டுகள். அவள் ஆய்வேட்டுக்குப் பதினான்கு.

"எப்படிடீ சைபர்?"

"எழுதினது என்னோடதுன்னா சைபர்தான வரும்."

"அப்பம் நான் எழுதினது நண்டோடதா? அது பக்கவாட்டுல நடக்குதுங்கிறதை நான் எத்தனை விதமா எழுத? அது ஒரு விதமாத்தான் நடக்குது."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சங்கப் பாட்டு ரெண்டு வரியாவது உள்ள சொல்லியிருப்பேல்லா?"

"நிறைய."

"அதெல்லாம் நெட்ல கிடக்கு. அதாவது ஒத்துப்போயிருக்கணும்லா? பிறகெப்படி சைபர்?"

துணி எடுக்க மாடிக்குப் போனேன்.


ஏப்ரல் 4, வெள்ளி

சான்றிதழ் கையில். ஒப்புமை: பூஜ்ஜியம். முத்திரை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

இனி ஐயாவின் கையெழுத்து, பைண்டிங், ஒப்படைப்பு. எல்லாம் மே முப்பதுக்குள். தவறினால் வேறு நெறியாளர், வேறு குழு, எல்லாம் முதலிலிருந்து. இன்னும் ஓராண்டாவது ஆகும். அந்த ஓராண்டு என்னிடம் இல்லை. அம்மா கேட்கும்போதெல்லாம் "வைகாசியில முடிஞ்சிரும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.


ஏப்ரல் 9, புதன்

சவரியம்மாள் சித்தி போன் செய்தாள். சொந்தமில்லை. அம்மாவோடு உப்பளத்தில் வேலை செய்தவள், இன்னும் செய்கிறாள். என் ஆய்வு உப்பளப் பெண்களின் பாடல்கள். அவற்றில் பாதிக்குமேல் அவள் பாடியவை.

"ஏளா ஜெபா, என்னைப் பத்தி எழுதி யுனிவர்சிட்டில வெச்சிருக்கேன்னு சொன்னேல்லா?"

"ஆமா சித்தி. எம்.பில். படிக்கும்போது எழுதுனது. வெப்சைட்ல இருக்கு."

"எங்க இருக்கு? எம் மருமவன் போன்ல எம் பேரைப் போட்டுத் தேடுதான். எவளோ ஒரு சவரியம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி வருது. நான் செத்துட்டேன்னு வீட்ல ஒரே சிரிப்பு."

வைத்ததும் நானே திறந்து பார்த்தேன். என் எம்.பில். ஆய்வேடு அங்கேதான் இருக்கிறது. பக்கம் திறக்கிறது, தமிழ் தெரிகிறது. தேடல் கட்டத்தில் சவரியம்மாள் என்று அடித்தேன்.

முடிவுகள் இல்லை.

அதே பக்கத்தில், என் விரலுக்குக் கீழே, அவள் பெயர் இருக்கிறது. மறுபடி அடித்தேன். இல்லை.

அவள் பாட்டில் ஒரு வரியை நகலெடுத்து அவளுக்கே வாட்ஸப்பில் ஒட்டினேன். வரி போகவில்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளும் இறைந்து போய் விழுந்தன. அழிப்பதற்குள் குரல் செய்தி வந்துவிட்டது.

"என்னளா இது, இங்கிலீசா? மருமவன் அதுவும் இல்லேங்கான்."


ஏப்ரல் 10, வியாழன்

நூலகத்தில் ஒப்புமைச் சோதனையை நடத்துபவர் உதவி நூலகர் ஆல்வின் சார். என் கேள்வியை முழுவதும் கேட்கக்கூட இல்லை. திரையைத் திருப்பினார்.

"சாஃப்ட்வேர் உங்க ஆய்வேட்டை எப்படிப் பாத்துச்சுன்னு பாக்கணும், அதான?"

பார்த்தேன். ஐந்து இயல்கள், பின்னிணைப்பு, முழுவதும் அதே ஆங்கில எழுத்துகள், அதே அரைப்புள்ளிகள்.

எங்கள் துறையில் எல்லோரும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறோம். கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி மாட்டுகிறது. மனிதக் கண்ணுக்கு முகமூடி தெரிகிறது. மென்பொருளுக்கு முகம் தெரிகிறது. அந்த முகம் வெறும் உளறல். உலகத்தில் இதுவரை யாரும் எழுதியிராத உளறல். ஆகவே பூஜ்ஜியம்.

"அப்பம் சோதனையே நடக்கல."

"நடந்துச்சு மேடம். ரிப்போர்ட் வந்துச்சுல்லா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

மவுஸ் வயரை நேராக்கினார். "கம்ப்யூட்டரும் தமிழாவே படிக்கிற யூனிகோடுல மட்டும் தமிழ் ஆய்வேட்டை வாங்கணும்னு எழுதிக் கொடுத்தேன். ஃபைல் சுத்துது."

"அன்னைக்குக் கை தட்டினாங்களே."

"நானும்தான் தட்டுனேன்."


ஏப்ரல் 11, வெள்ளி

சான்றிதழ் செல்லும். நேற்று ஆல்வின் சார் வாசல்வரை வந்து இரண்டாம் முறையும் சொன்னார். செல்லும்.

துணி துவைத்தேன். போர்வை உட்பட.


ஏப்ரல் 15, செவ்வாய்

ஐயாவின் அறையில் பாதிப் புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளுக்குள் போய்விட்டன. அலமாரியில் சதுரமான தூசித் தடங்கள்.

"யூனிகோடுக்கு மாத்திக் கொடுக்கலாம்னு நினைக்கேன் ஐயா."

"எதுக்கு? சைபர் வந்துட்டுல்லா?"

"படிச்சுட்டு வந்த சைபர் இல்ல ஐயா. படிக்க முடியாம வந்த சைபர்."

"ஜெபா, நான் பேனாவுல எழுதிப் பட்டம் வாங்குனவன். மிஷின் படிச்சா என்ன, படிக்காட்டா என்ன? வாய்மொழித் தேர்வுல கேள்வி கேக்கப் போறது மனுசன்."

"தேடுனா சவரியம்மாள் சித்தி பேரு வரல ஐயா."

"யாரு?"

நான்கு ஆண்டுகளாக அவர் கையெழுத்திட்ட ஒவ்வோர் அறிக்கையிலும் அந்தப் பெயர் உண்டு.

பாடல் தந்தவர் என்றேன். ஒரு புத்தகத்தைப் பெட்டியில் வைத்தார், எடுத்தார், வேறு பெட்டியில் வைத்தார்.

"முப்பதுக்குள்ள முடிஞ்சா சரி. முடியலேன்னா என் வீட்டு வாசல்ல வந்து நிக்காத. பிறகு, முதல் இயலைத் தொடாத. அது சரியா இருக்கு."

முதல் இயல் எல்லோருக்கும் உள்ளதுதான். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.


ஏப்ரல் 16, புதன்

சுகந்தி அக்கா கடை. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்பைரல். விரல்கள் ஓடிக்கொண்டிருக்க, கண்ணை எடுக்காமல் பேசுவாள்.

"தமிழ்த்துறை முழுக்க என் கைதான். இதுல என்ன குறை கண்ட?"

"குறை இல்லக்கா. கம்ப்யூட்டருக்குப் புரியல."

"அது கம்ப்யூட்டரோட பாடு. பிரிண்ட் எடுத்தா தமிழ் வருதா, இல்லையா?"

"வருது."

"பிறகென்ன? ஒனக்குப் படிக்கிறதை விட ஆராயிறதுதான் ஜாஸ்தி."

யூனிகோடில் அவளுக்குப் பழக்கமில்லை. பழைய விசைப்பலகைக்குப் பழகிய விரல்கள் என்றாள். கோப்புகளை மட்டும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எழுத்துரு மாற்றி ஒன்று இணையத்தில் இருக்கிறது. ஒட்டினால் யூனிகோடாகத் தருகிறது. தந்தது. ஆனால் மேற்கோள் பட்டியலில் இருந்த ஆங்கிலத்தையும் தமிழாக்கிவிட்டது. லண்டன் நகரம் 'டுழனெழ' என்று வந்திருக்கிறது. பேச்சி அதைச் சத்தமாக வாசித்துவிட்டுக் கட்டிலில் உருண்டாள்.

பின்னிணைப்பு அப்படியும் வரவில்லை. சுகந்தி அக்காவுக்கு உடம்பு சரியில்லாத மாதம் அவள் நாத்தனார் வேறேதோ எழுத்துருவில் அடித்த பகுதி. எந்த மாற்றிக்கும் அது பிடிபடவில்லை.

பின்னிணைப்பில்தான் பாடல்கள் இருக்கின்றன.

நானே அடிக்க வேண்டும். எனக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியாது. முனைவர் பட்டத்துக்குத் தமிழில் ஆய்வேடு எழுதியவளுக்கு.


ஏப்ரல் 17, வியாழன்

உயிரெழுத்துகள் இடக்கைக்கு. மெய்கள் வலக்கைக்கு. அம்மா என்று அடித்தேன். அமம என்று வந்தது.


ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஊருக்குப் போகவில்லை. ஆலயத்தில் பிரசங்கம் முழுவதும் விரல்கள் முழங்காலில் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த அம்மாள் நான் நடுங்குகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.


ஏப்ரல் 24, வியாழன்

காலையில் குழாயில் தண்ணீர் நின்ற பிறகு உட்கார்ந்தால் மதிய மணி வரை. பிறகு நாலிலிருந்து.

மடிக்கணினி பேச்சியினுடையது. நண்டு ஓய்வெடுக்கும் நேரம் எனக்கு. வெளியே போனால் போனில் அடிக்கிறேன். போன் என்னைத் திருத்துகிறது. சித்தி 'நிக்கேன்' என்றால் 'நிற்கிறேன்' என்று மாற்றி வைக்கிறது. 'வாருதேன்' என்றால் 'வருகிறேன்'. உப்பை வாருகிறவளை எங்கிருந்தோ வரவழைக்கிறது. கவனிக்காமல் இரண்டு பாடல்களை முழுவதும் விட்டுவிட்டேன். படித்துப் பார்த்தபோது கோனார் தமிழ் உரையே இறங்கி உப்பு வாரியதுபோல் இருந்தது.

அமைப்புகளுக்குள் போய்த் தானாகத் திருத்துவதை அணைத்தேன். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மதியம்.

இந்த ஆண்டில் கற்றுக்கொண்டவற்றில் இதுதான் உருப்படி.


ஏப்ரல் 29, செவ்வாய்

யூனிகோடுக் கோப்பை ஆல்வின் சாரிடம் கொடுத்தேன். மென்பொருள் இந்த முறை நேரம் எடுத்தது. போன முறை கண் சிமிட்டும் முன் முடிந்ததாம்.

"படிக்குது மேடம்," என்றார். ரகசியம்போல.

இருபத்து மூன்று.

சங்கப் பாட்டுகள் கொஞ்சம், மேற்கோள்கள் கொஞ்சம். மிச்சம் எல்லாம் முதல் இயல். பக்கம் பக்கமாக நிறம் பூசி வைத்திருந்தது. வெள்ளையாக இருந்தது என் பெயர் வரும் இடம் மட்டும்.

ஆல்வின் சார் பிரிண்ட் எடுத்து, மடித்து, உறையில் போட்டுத் தந்தார். மருத்துவமனையில் தருவதுபோல.


ஏப்ரல் 30, புதன்

எழுதிவிடுகிறேன்.

முதல் இயல் எங்கள் துறையில் பென்டிரைவில் வரும். ஆய்வுக்குப் பதிந்த முதல் வாரம் மூத்த ஆய்வாளர் ஒருவர் தேநீர் வாங்கிக் கொடுத்து அதைக் கையில் வைப்பார். நாட்டுப்புறவியல் விளக்கம், அறிஞர் கருத்துகள், பாடல் வகைகள், பயன்கள். தலைப்பையும் ஊர்ப் பெயரையும் மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்குத் தந்தவருக்கு இன்னொருவர் தந்தார். திருடியதாக யாரும் நினைத்ததில்லை. சேர்த்துக்கொண்டதாகத்தான் நினைத்தோம்.

இதை ஐயாவிடம் சொல்லவில்லை. உறையை மட்டும் நீட்டினேன்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒப்புமை மூலங்களின் பட்டியலை வாசித்தார். முதல் வரியில் அவர் பெயர். பழைய இதழ் ஒன்றில் வந்த அவர் கட்டுரையை யாரோ யூனிகோடில் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

"என் கட்டுரை!" முகம் மலர்ந்தது. "இதெல்லாம் நெட்ல இருக்கா? யாரு போட்டா? ஜெபா, பாத்தியா? அந்தக் காலத்துல கையெழுத்துப் பிரதியைத் தபால்ல அனுப்பினது."

"ஆமா ஐயா."

விரல் இரண்டாவது வரிக்கு வந்தது. அதே பகுதி. வேறு ஒருவர் பெயர், ஒரு நூல். ஆண்டு, ஐயாவின் கட்டுரைக்கு வெகுகாலம் முந்தையது.

நான் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அணில்கள்.

"முதல் இயலை எடுத்துரு," என்றார்.

"எடுத்துட்டா…"

"நீயே எழுது. புதுசா. நாள் இருக்குல்லா?"

"இருக்கு ஐயா."

தாளை உறையில் போட்டுத் திருப்பித் தந்தார். போனபோது இருந்த மடிப்பிலேயே.


மே 1, வியாழன்

இயல் ஒன்று.

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கர்சர் துடிக்கிறது.


மே 2, வெள்ளி

'நாட்டுப்புறப் பாடல் என்பது உழைப்பின் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடப்படுவது.' அழித்தேன். என்னை அறியாமல் பழைய முதல் இயலின் வரியையே மீண்டும் அடித்திருந்தேன். விரலுக்குத் தட்டச்சு வந்துவிட்டது. அதோடு இதுவும் வந்துவிட்டது.

பேச்சிக்குப் பதினான்கு ஒன்பதாகிவிட்டது.

"என்னடீ செஞ்ச?"

"கடற்கரைக்குப் போய் மறுபடியும் நண்டைப் பாத்தேன். புத்தகத்துல இருக்கிற மாதிரி இந்த நண்டு நடக்கல. சரிவுல கொஞ்சம் முன்னாடியும் போகுது. அதை எழுதினேன்."


மே 4, ஞாயிறு

பாடல்களைச் சரிபார்க்க ஒலிப்பதிவுகளைக் கேட்கிறேன். இதுவரை பாட்டு முடிந்ததும் நிறுத்தி, அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன். நடுவில் இருப்பது பேச்சு, பின்னிணைப்புக்குத் தேவையில்லை. இன்று சாம்பார் சிந்திய கையைக் கழுவப் போயிருந்தேன். பதிவு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

என் குரல். மூன்று ஆண்டுக்கு முந்தைய, கொஞ்சம் கீச்சென்ற குரல்.

"களைப்புத் தெரியாம இருக்கத்தான சித்தி பாடுதீங்க?"

சித்தி சிரிக்கிறாள். காற்று மைக்கில் அடிக்கிறது.

"களைப்புத் தெரியாமலா? எவன் சொன்னான்? பாத்திக்குள்ள ஒரு நாள் நின்னு பாக்கச் சொல்லு. நாங்க பாடுறது கங்காணிக்குத்தான்ளா. அவன் செட்டுக்குள்ள இருப்பான். பாட்டுச் சத்தம் கேட்டா வேலை நடக்குதுன்னு காலை நீட்டிருவான். நாங்க உப்பு அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் நெழல்ல உக்காந்துக்கிட்டுப் பாடுவோம். நல்லா இழுத்து. ராகம் நீள நீள இருப்பும் நீளும்லா?"

அருகில் வேறு பெண்களும் சிரிக்கிறார்கள். அதில் ஒரு சிரிப்பு அம்மாவுடையது.

பிறகு என் குரல்: "சரி சித்தி. அடுத்த பாட்டு."

கையில் சோப்பு நுரை காய்ந்துவிட்டது.

மூன்றாம் இயலில் நான் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். உப்பளப் பாடல்களில் ஏலேலோ போன்ற சுருதிச் சொற்கள் ஏன் இத்தனை நீளமாகத் திரும்பத் திரும்ப வருகின்றன என்று. ஓசை நயம் என்று முடித்திருக்கிறேன்.


மே 5, திங்கள்

அம்மாவுக்குப் போன்.

"உக்காந்தாம்மா பாடுவீங்க?"

"யாரு சொன்னா?"

"சித்தி."

"அவ வாய்க்குப் பூட்டு கிடையாது." பிறகு: "மீன் வாங்கினேன். நீ வந்தா ஆக்கலாம்னு உப்புல போட்டு வெச்சிருக்கேன். வைகாசில வந்துருவேல்லா?"

வந்துவிடுவேன் என்றேன்.


மே 6, செவ்வாய்

இயல் ஒன்று. 'சவரியம்மாள் உட்கார்ந்துதான் பாடுவார்.'

நிற்கவில்லை. மதிய உணவை மறந்துவிட்டேன். மாலையில் பேச்சி ஒரு பரோட்டாவைப் பாதியாகக் கிழித்து விசைப்பலகைமேல் வைத்தாள்.


மே 13, செவ்வாய்

துறையில் செய்தி பரவிவிட்டது. இரண்டாம் ஆண்டு முத்தரசு படிக்கட்டில் வழி மறித்தான்.

"என்னக்கா, சைபரை வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே. இனிமே நாங்களும் யூனிகோடுல அடிக்கணுமாமே?"

"அடிச்சா நல்லதுதான முத்தரசு."

"நீங்க போயிருவீங்க. நாங்கல்லா மாட்டிக்கிட்டு முழிக்கணும். பழைய ஆய்வேடு எல்லாத்தையும் மறுபடியும் சோதிப்பாங்களாம். அண்ணன்மாரெல்லாம் வேலையில இருக்காங்க, தெரியும்லா?"

தெரியும்.

"முதல் இயல் பென்டிரைவ் உன்கிட்ட வந்துட்டா?" என்று கேட்டேன்.

வேறு பக்கம் பார்த்தான். வந்துவிட்டது.

"சாயந்திரம் வா. விசைப்பலகை சொல்லித் தாரேன். ஒரு வாரத்துல வந்துரும்."

"வரலேன்னா?"

"எனக்கு வந்துச்சே."

வரவில்லை. ஆனால் அவனுக்குப் பதில் வேறு இரண்டு ஆய்வாளர்கள் வந்தார்கள். சுகந்தி அக்காவும் வந்தாள், கடையைச் சாத்திவிட்டு. "சும்மா பாக்கத்தான்," என்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, "ஒனக்கு வேகமே இல்ல," என்றாள். பிறகு, "நாளைக்கும் இருப்பியா?"


மே 21, புதன்

இரண்டாம் சோதனை. ஆறு.

எவை என்று பார்த்தேன். சங்கப் பாட்டுகள், பிறர் நூல்களிலிருந்து பெயர் சொல்லி எடுத்த மேற்கோள்கள். முதல் இயலில் நிறம் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களிடம் எவ்வளவு வாங்கினேன் என்பதற்குக் கணக்கு அந்த ஆறு. அது இருக்கத்தான் வேண்டும்.

ஐயாவின் அறையில் இப்போது ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும். புதிய முதல் இயலின் முதல் பக்கத்தை வாசித்தார். மெதுவாக. திரும்பவும்.

"உக்காந்தா பாடுனாங்க?"

"ஆமா ஐயா."

"நான் இத்தனை வருசமா அவங்களை நிக்க வெச்சுல்லா பாடம் நடத்தியிருக்கேன்."

பேனாவைத் திறந்தார். மை வரவில்லை. உதறினார். வந்தது.


மே 26, திங்கள்

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒன்று மிச்சம்.

முதல் பக்கத்தின் முதல் பத்தியை நகலெடுத்துச் சித்திக்கு ஒட்டினேன். இந்த முறை தமிழாகவே போனது. நீல டிக் வந்தது. மருமகன் வாசித்துக் காட்டியிருப்பான். பிறகு அவளே கூப்பிட்டாள்.

"அடிப்பாவி! உக்காந்து பாடுனதையா எழுதி வெச்சிருக்க?"

"நீங்க சொன்னதுதான சித்தி."

"உங்கிட்ட சொன்னேன். ஊருக்கா சொன்னேன்? இப்பம் எம் பேரைப் போட்டா வந்துருமா?"

"இதை வெப்சைட்ல ஏத்தினதும் வந்துரும்."

"யாரு போட்டாலும் வருமா?"

"யாரு போட்டாலும்."

"கங்காணி போட்டா?"

ஒன்றரை மாதமாக அவள் பெயர் அகப்பட வேண்டும் என்றே அடித்துக்கொண்டிருந்தேன். யாருக்கு அகப்படும் என்று யோசிக்கவில்லை. எழுத்துருவின் முகமூடிக்குள் அவள் இத்தனை நாள் அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் நிழலில்தான் இருந்திருக்கிறாள்.

"பேரை மாத்திரட்டுமா சித்தி? வேற பேரு போடலாம். இல்ல, அந்தப் பத்தியையே எடுத்துருதேன். நாலு நாள் இருக்கு."

அது போனால் முதல் இயல் போகும். முதல் இயல் இல்லாமல் முப்பதுக்குள் கொடுக்க முடியாது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நாக்கைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்க, அவள் அதட்டினாள். பிறகு மூச்சு விடும் சத்தம். பிறகு சிரிப்பு. ஒலிப்பதிவில் இருந்த அதே சிரிப்பு.

"பழைய கங்காணி செத்துட்டான்ளா. இப்பம் இருக்கவன் சின்னப் பய. செட்டுக்குள்ள போன்ல பாட்டு போட்டுக் கேட்டுக்கிட்டு அவன்தான் உக்காந்திருக்கான். அவன் தேடட்டும். எல்லாருக்கும் தெரியட்டும், நாங்க உக்காந்தோம்னு."

"நெசமாவா சித்தி? பேரு இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். கண்ணீர் அஞ்சலிக்கு மேல வருமா, கீழ வருமா?"

"தெரியல சித்தி."

"மேல வர மாதிரி செய்."


மே 29, வியாழன்

ஐந்து பிரதிகள். பேச்சி இரண்டைத் தூக்கினாள். தேர்வுப் பிரிவில் மின்விசிறி ஓடவில்லை.

எழுத்தர் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். துறை, தலைப்பு, நெறியாளர்.

"ஒப்புமை… சைபர்," என்று எழுதப் போனார்.

"ஆறு சார்."

பேனா நின்றது. "தமிழ்த்துறைதான?"

"ஆமா."

"தமிழ்ல ஆறெல்லாம் வராதேம்மா. வேற யார் பேப்பரையாவது மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்களா, பாருங்க."

சான்றிதழை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். இந்த முறை முத்திரை நேராக இருந்தது.

"மாறல சார். என்னோடதுதான். ஆறு."

இன்னொரு முறை என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.